மூன்று நிமிடம் ஏறி இறங்கினால் இதயத்தைப் பற்றி என்ன தெரியும்?

கேள்வி: அண்ணே, எனக்கு வயது 46. சிங்கப்பூரின் ஈசூனில் ஒன்பதாவது மாடியில் வீடு. அண்மையில் மின்தூக்கி பழுதானபோது படியேறி வந்ததில் பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கியது. மகன் ஐபிபிடிக்கு (தேசிய சேவையாளர்களின் உடற்தகுதிச் சோதனை) தயாராகிக்கொண்டிருக்கிறான். அவன் சொன்னதால் வீட்டில் எல்லாரும் மூன்று நிமிட ஸ்டெப் டெஸ்ட் செய்து பார்த்தோம். 12 அங்குல ஸ்டூல், நிமிடத்துக்கு 24 தடவை ஏறி இறங்குவது, முடித்ததும் உட்கார்ந்து ஒரு நிமிடம் நாடியை எண்ணுவது. எனக்கு 124 வந்தது. மனைவிக்கு (வயது 43) 121. அப்பாவுக்கு (வயது 72) 98. அட்டவணையில் பார்த்தால் நான் 'மோசம்', மனைவி 'சராசரிக்குக் கீழ்', அப்பா 'சராசரிக்கு மேல்'! ரத்த அழுத்தத்துக்கு பைசோப்ரோலால் சாப்பிடும் அப்பா, நடுவில் கொஞ்சம் மெதுவாகத்தான் ஏறினார். அவர் என்னைவிட ஃபிட்டா? என் கைக்கடிகாரம் விஓ2 மேக்ஸ் (உடம்பு ஒரு நிமிடத்தில் உச்சமாகப் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜன், கிலோவுக்கு மில்லிலிட்டரில்) 36 என்கிறது. எதை நம்புவது?

பதில்:

முதலில் அப்பாவைப் பற்றிப் பேசிவிடுவோம், தம்பி. மற்றதெல்லாம் அப்புறம்.

பைசோப்ரோலால் சாப்பிடுகிறவரின் நாடியை எண்ணி அவருடைய உடல்திறனைச் சொல்ல முடியாது. அது பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை. அட்டெனலால், மெட்டோப்ரோலால் எல்லாம் அதே குடும்பம்தான். உடம்பு வேலை செய்யும்போது அட்ரினலின் சுரந்து இதயத்தை வேகமாகத் துடிக்க வைக்கும். அந்த உத்தரவு இதயத்துக்குப் போய்ச் சேராமல் தடுப்பதுதான் இந்த மாத்திரையின் வேலை. ஆகவே அப்பாவின் 98 என்பதில் பெரும்பங்கு மாத்திரையுடையது. அவர் அதைச் சாப்பிடுகிறார் என்பது அட்டவணைக்குத் தெரியாது. அதோடு அவர் நடுவில் மெதுவாக ஏறினார் என்கிறீர்கள். அப்படியென்றால் நீங்கள் செய்த வேலையை அவர் செய்யவே இல்லை. 

சரி, மாத்திரையை ஒரு நாள் நிறுத்திவிட்டுச் சோதித்தால் உண்மை தெரியுமே என்று வீட்டில் யாருக்காவது தோன்றினால், தயவுசெய்து வேண்டாம். பீட்டா பிளாக்கரைத் திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தமும் நாடியும் எகிறும், நெஞ்சுவலிகூட வரலாம். மருத்துவர் சொல்லாமல் அதில் கை வைக்கக்கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 12 அங்குலப் படி 72 வயதுக்காரருக்குச் சின்ன வேலை இல்லை. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி ஒரு கணக்கு வைத்திருக்கிறது. படியின் உயரத்தையும் வேகத்தையும் கொடுத்தால் உடம்புக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவைப்படும் என்று அது சொல்லும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒரு கிலோ உடல் எடைக்கு நிமிடத்துக்கு 3.5 மில்லிலிட்டர் ஆக்சிஜன் போதும். 30 சென்டிமீட்டர் படியில் நிமிடத்துக்கு 24 தடவை ஏறி இறங்க சுமார் 26 மில்லிலிட்டர் வேண்டும். அதாவது ஏழு மடங்குக்கும் மேல். எழுபதைத் தாண்டிய பலருக்கு அவர்கள் உடம்பு எட்டக்கூடிய உச்சமே 25-ஐ ஒட்டித்தான் இருக்கும். உங்களுக்கு அது சற்றுக் கடினமான பயிற்சி, அப்பாவுக்கோ அநேகமாக உச்சவரம்பு. அவர் வேகத்தைக் குறைத்துக்கொண்டது நல்லதாகப் போயிற்று. அவருக்கு இந்தச் சோதனையை வீட்டில் மறுபடி வைக்க வேண்டாம். அவருக்கு எது பொருந்தும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். இந்தச் சோதனையை நம்பலாமா? ஒரே ஆள், ஒரே படி, ஒரே தாளம், ஒரே மாதிரி சூழ்நிலை. இப்படி இரண்டு தடவை செய்து, அந்த இரண்டையும் ஒப்பிட்டால் நன்றாகவே நம்பலாம். மூன்று பேரை வரிசைப்படுத்துவதற்கு இது அவ்வளவாக உதவாது. பல ஆண்டுகளாக இதய மறுவாழ்வுப் பயிற்சியில் வேலை செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்தச் சோதனையில் எனக்குப் பிடித்ததே அந்த முதல் பயன்தான். காசு செலவில்லை, கருவி வேண்டாம், மூன்று மாத உழைப்பு உடம்பில் ஏறியதா இல்லையா என்பதை நம் விரல் நுனியிலேயே காட்டிவிடும்.

அது எப்படிக் காட்டுகிறது என்று பாருங்கள். ஒரு குறிப்பிட்ட உயரத்தை ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஏற எவருக்கும் ஒரு கிலோவுக்குக் கிட்டத்தட்ட ஒரே அளவு ஆக்சிஜன்தான் செலவாகும். அதைக் கொண்டுபோய்க் கொடுப்பது ரத்தம். ஒரு துடிப்பில் இதயம் எவ்வளவு ரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்பதில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம். பயிற்சி பெற்ற இதயம் நன்றாக நிரம்பி, ஒவ்வொரு துடிப்பிலும் அதிகம் தள்ளும். அதனால் அதே வேலையைக் குறைந்த துடிப்பில் முடித்துவிடும். தசைகளும் பழகிப்போய் வருகிற ரத்தத்திலிருந்து ஆக்சிஜனைக் கூடுதலாக உறிஞ்சும். பயிற்சி இல்லாத இதயம் அதே அளவைக் கொடுக்க அடிக்கடி துடிக்க வேண்டியிருக்கிறது. உங்கள் 124-இல் அடங்கியிருப்பது அந்தக் கணக்கு.

அதில் இன்னொரு விஷயமும் கலந்திருக்கிறது. நீங்கள் ஏறும்போது எண்ணவில்லை, நிறுத்திய பிறகு ஒரு முழு நிமிடம் எண்ணினீர்கள். அந்த நிமிடத்துக்குள் நாடி இறங்கிக்கொண்டே வரும். வேலை நின்றதும் வேகஸ் என்ற நரம்பு இதயத்துக்குக் கடிவாளம் போடும். உடல்திறன் உள்ளவர்களுக்கு அந்தக் கடிவாளம் சட்டென்று விழும். நிறுத்தும்போது 140-இல் இருந்த இருவரில் ஒருவருக்கு ஒரு நிமிடத்தில் 100 ஆகும், இன்னொருவருக்கு 125-இலேயே நிற்கும். அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக் மருத்துவர்கள் 1999-இல் 2,428 பேரின் டிரெட்மில் சோதனைகளை வைத்து வெளியிட்ட ஆய்வில், நிறுத்திய முதல் நிமிடத்தில் 12 துடிப்போ அதற்கும் குறைவாகவோ இறங்கியவர்களுக்குப் பின்வந்த ஆண்டுகளில் இறப்பு ஆபத்து கூடுதலாக இருந்தது தெரியவந்தது. டிரெட்மில்லில் மெதுவாக நடந்துகொண்டே எடுத்த அளவு அது. அந்த 12-ஐ அப்படியே உங்கள் ஸ்டூலுக்குக் கொண்டுவரக் கூடாது. ஆனால் முதல் நிமிடத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பது அதிலிருந்து புரியும்.

அதனால் அடுத்த தடவை செய்யும்போது இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். வழக்கமான ஒரு நிமிட எண்ணிக்கை ஒன்று. அதற்குப் பிறகு அப்படியே உட்கார்ந்திருந்து, நிறுத்தியதிலிருந்து இரண்டு நிமிடம் ஆனதும் மறுபடி 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்கினால் இன்னொன்று. இரண்டாவது எண் சில வாரங்களில் இறங்குவதைப் பார்க்கும்போது மனதுக்கு ஒரு தெம்பு வரும்.

இந்தச் சோதனைக்கு ஒரு வரலாறு உண்டு. உங்கள் மகன் எங்கேயோ 'ஹார்வர்ட் ஸ்டெப் டெஸ்ட்' என்று படித்திருந்தால் குழம்ப வேண்டாம். அது வேறு சோதனை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1940களின் தொடக்கத்தில், ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் சோர்வு ஆய்வுக்கூடத்தில் லூசியன் புரூஹாவும் அவருடைய குழுவும் உருவாக்கியது. 20 அங்குல உயரம், நிமிடத்துக்கு 30 தடவை, ஐந்து நிமிடம். இளம் ஆண்களுக்காக வைத்த அளவு அது. மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பார்த்தால் கிலோவுக்குச் சுமார் 46 மில்லிலிட்டர் கேட்கும். நம் வயதில் பெரும்பாலோருக்கு உச்சமே அவ்வளவு கிடையாது. மகன் செய்யட்டும், நீங்கள் அந்தப் பக்கம் போகாதீர்கள். 

நீங்கள் செய்தது ஒய்எம்சிஏ முறை. இன்னொன்று நியூயார்க்கின் குயின்ஸ் கல்லூரியில் மெக்கார்டில் குழுவினர் 1972-இல் வெளியிட்டது. பதினாறே கால் அங்குலப் பலகை, ஆண்கள் நிமிடத்துக்கு 24, பெண்கள் 22. மூன்று நிமிடம் முடிந்ததும் நின்றபடியே, ஐந்தாவது வினாடியிலிருந்து இருபதாவது வினாடி வரை எண்ணி நான்கால் பெருக்குவது. ஆண்களுக்கு 111.33-இலிருந்து அந்த நாடியின் 0.42 மடங்கைக் கழித்தால் விஓ2 மேக்ஸ் மதிப்பீடு கிடைக்கும். நாடி 148 என்றால் விடை 49. படித்தவுடன் எல்லாருக்கும் ஆசை வந்துவிடும், ஏனென்றால் அழகான எண் ஒன்று கையில் கிடைக்கிறது. ஆனால் அந்தச் சூத்திரம் கல்லூரி மாணவர்களை வைத்துப் போட்டது. இருபது வயதில் உச்ச நாடி 200-ஐ ஒட்டி இருக்கும், 46 வயதில் அது 175 பக்கம் வந்துவிடும். மாணவனுக்கு 148 என்றால் இன்னும் நிறைய இடம் மீதி இருக்கிறது, உங்களுக்கு அவ்வளவு மீதி இல்லை. சூத்திரம் இருவருக்கும் அதே 49-ஐத்தான் கொடுக்கும். நடுவயதுக்காரர்களைக் காரணமில்லாமல் மகிழ்விக்கிற சூத்திரம் என்று சொல்லலாம். நான் யாருக்கும் அதைச் சிபாரிசு செய்வதில்லை.

மனைவியின் 121-க்கு வருவோம். உயரம் குறைந்தவர் என்றால் அதே 12 அங்குலம் அவருக்குக் கூடுதல் உயரமாக அமையும். முட்டி அதிகம் மடங்கும், தொடைத்தசை அதிகம் உழைக்கும், அதனால் இதயத்தின் திறனைச் சோதிக்கும் முன்பே கால் களைத்துவிடும். எடை கூடுதலாக இருந்தாலும் நிலைமை அதுதான், தூக்க வேண்டியது தன் உடம்பைத்தானே. ரத்தசோகை இருந்தாலும் நாடி ஏறும், ரத்தம் சுமக்கும் ஆக்சிஜன் குறைவு என்பதால் இதயம் அதை வேகத்தால் ஈடுகட்டும். மாதவிடாய்ப் போக்கு அதிகம் உள்ள பெண்களில் இதை நான் அடிக்கடி பார்க்கிறேன். 'சராசரிக்குக் கீழ்' என்று முத்திரை குத்துவதற்கு முன், அவர் கடைசியாக எப்போது ரத்தப் பரிசோதனை செய்தார் என்று கேளுங்கள்.

இனி எப்படிச் செய்வது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பெரும்பாலான தவறான எண்கள் இங்கேதான் பிறக்கின்றன.

ஸ்டூல் என்றீர்கள். பிளாஸ்டிக் ஸ்டூலாக இருந்தால் அதை உடனே மாற்றுங்கள். அது உட்காருவதற்குச் செய்தது. ஒவ்வொரு தடவையும் முழு எடை ஓர் ஓரத்தில் விழும்போது வழுக்கும், சாயும். விளையாட்டுப் பொருள் கடைகளில் உயரத்தை மாற்றக்கூடிய ஏரோபிக் ஸ்டெப் பலகை கிடைக்கும். வாங்கும் முன் 30 சென்டிமீட்டர் வரை உயருமா என்று பாருங்கள், பல பலகைகள் 20-இலேயே நின்றுவிடும். பலகையைச் சுவரை ஒட்டிப் போடுங்கள், காலணி அணிந்துகொள்ளுங்கள்.

பலகையே வேண்டாம், புளோக் படிக்கட்டு இருக்கிறதே என்று பலர் கேட்பார்கள். படிக்கட்டில் இரண்டு படி சேர்ந்தால் உயரம் 30 சென்டிமீட்டரை ஒட்டி வரும், உண்மைதான். ஆனால் முதல் படியின் அகலத்தைத் தாண்டிக் காலை நீட்டி வைக்க வேண்டியிருக்கும். இறங்கும்போது குதிகால் அந்த விளிம்பில் இடிக்கும். அது வேறு அசைவு, ஆபத்தும் அதிகம். கீழ்ப்படி ஒன்றில் மட்டும் ஏறி இறங்குங்கள். நாடாவை வைத்து உயரத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். 15 சென்டிமீட்டர் என்றால் 24 தடவைக்குக் கிலோவுக்குச் சுமார் 17 மில்லிலிட்டர்தான் ஆகும். அட்டவணையோடு ஒப்பிட முடியாது, ஆனாலும் உங்களை உங்களோடு ஒப்பிட அது தாராளமாகப் போதும். உங்கள் மனைவிக்கும் நான் இதைத்தான் சொல்வேன்.

தாளம் முக்கியம். கைபேசியில் மெட்ரோனோம் செயலியை 96-இல் வையுங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு கால். வலது மேலே, இடது மேலே, வலது கீழே, இடது கீழே. நாட்டிய வகுப்புக்குப் போன பிள்ளைகள் வீட்டில் இருந்தால் தகதிமி என்று சொல்லிக் கொடுக்கச் சொல்லுங்கள், ஒரு தகதிமிக்கு ஒரு தடவை ஏறி இறங்கிவிடலாம். மேலே போனதும் முட்டியை முழுதாக நீட்டி நிமிர்ந்து நிற்க வேண்டும். களைப்பு வந்ததும் எல்லாரும் செய்வது என்னவென்றால், பாதி நிமிர்ந்து உடனே இறங்கிவிடுவது. அப்போது உயரமும் குறைகிறது, வேலையும் குறைகிறது. தாளம் 24-இலிருந்து 21-க்குத் தளர்ந்தாலே ஆக்சிஜன் தேவை 26-இலிருந்து 23-க்கு இறங்கிவிடும். எண் நன்றாக வரும், பொருள் இருக்காது. பாதி நேரத்தில் முன்னே வைக்கும் காலை மாற்றிக்கொள்ளலாம்.

எண்ணுவதற்கு ஆள்காட்டி விரலும் நடுவிரலும். கட்டைவிரல் வேண்டாம், அதிலேயே துடிப்பு உண்டு. மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம், எலும்புக்கும் நரம்பு போல் தெரியும் தசைநாணுக்கும் இடையில் உள்ள பள்ளத்தில் மெல்ல அழுத்துங்கள். ஏற ஆரம்பிப்பதற்கு முன்பே அந்த இடத்தைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள். முடிந்த பிறகு தேடினால் பத்து வினாடி போய்விடும், அந்தப் பத்து வினாடிக்குள் நாடி நன்றாக இறங்கியிருக்கும். உட்கார்ந்த ஐந்து வினாடிக்குள் எண்ண ஆரம்பித்தாக வேண்டும். கடிகாரத்தை ஒரு துடிப்போடு சேர்த்து ஓட விட்டால் அந்தத் துடிப்பு சுழியம், அடுத்ததுதான் ஒன்று. எண்ணும்போது யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. கழுத்தில் எண்ணுவதாக இருந்தால் ஒரு பக்கம் மட்டும், அதுவும் லேசாக.

துடிப்பு ஒழுங்கில்லாமல், ஒன்று வேகமாக, ஒன்று தாமதமாக, இடையில் ஒன்று விட்டு வருவதுபோல் விரலில் பட்டால் எண்ணுவதை விட்டுவிடுங்கள். அப்படிப்பட்ட நாடிக்கு எண்ணிக்கை எதையும் சொல்லாது. இசிஜி எடுத்துப் பார்க்க வேண்டிய விஷயம் அது.

நம் ஊர் வெயிலும் புழுக்கமும் இந்த எண்ணில் கை வைக்கும். ஈரப்பதம் மிகுந்த காற்றில் வியர்வை காயாது. உடம்பு தன் சூட்டைத் தணிக்க ரத்தத்தைத் தோலுக்குத் திருப்பிவிடும், இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறையும், குறைந்ததை ஈடுகட்ட நாடி ஏறும். மத்தியான நேரத்தில் மின்விசிறி இல்லாத வரவேற்பறையில் ஒரு தடவை, இரவில் ஏர்கான் அறையில் ஒரு தடவை என்று செய்துவிட்டு, நாடி இறங்கியதைப் பார்த்து மகிழ்ந்துவிடக் கூடாது. காலையில், ஒரே அறையில், ஒரே வேகத்தில் விசிறி சுழல, செய்யுங்கள். அதற்கு முன் இரண்டு மூன்று மணி நேரம் கோப்பி, தேநீர், சிகரெட், வயிறு நிறையச் சாப்பாடு எதுவும் வேண்டாம். நோன்பு இருக்கும் நாட்களில், காய்ச்சல் வந்து தேறிவரும் வாரத்தில், புகைமூட்டம் சூழ்ந்த நாட்களில் இதைத் தள்ளிப் போடுங்கள். இரவு தூக்கம் கெட்ட மறுநாளும் அப்படித்தான்.

முதல் தடவை செய்வது எப்போதுமே கொஞ்சம் அதிகமாகக் காட்டும். புதுசு என்கிற படபடப்பு, கால் பழகாதது, பக்கத்தில் நின்று மகன் வீடியோ எடுப்பது, இவை எல்லாமே நாடியை ஏற்றும். உங்கள் 124-இல் அதுவும் கொஞ்சம் இருக்கும். சில நாள் விட்டு இன்னொரு தடவை செய்து, அந்த எண்ணைத் தொடக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாறு துடிப்பு முன்னே பின்னே போவதை நான் முன்னேற்றம் என்றும் எடுக்க மாட்டேன், பின்னடைவு என்றும் எடுக்க மாட்டேன். பத்துக்கு மேல் இறங்கி, அது இரண்டாவது தடவையும் அப்படியே நின்றால், உடம்பு மாறியிருக்கிறது.

கைக்கடிகாரத்தின் 36 பற்றி: அது நீங்கள் வெளியே நடக்கும்போதும் ஓடும்போதும் உங்கள் வேகத்தையும் நாடியையும் ஒப்பிட்டுப் போடும் மதிப்பீடு. நீங்கள் நடப்பது எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு மட்டும், அதுவும் சிக்னலில் நின்று நின்று என்றால், அதற்குக் கிடைக்கும் விவரமே குறைவு. ஆனாலும் 36 என்பது உங்கள் வயதுக்கு நம்பக்கூடிய எண்தான். பொய் என்று தள்ள வேண்டியதில்லை. உச்சம் 36 என்றால், படிச் சோதனை கேட்கும் 26 உங்கள் திறனில் சுமார் எழுபது விழுக்காடு. அந்த அளவு உழைப்பில் நாடி 124 வந்ததும் பொருந்தித்தான் போகிறது. ஆக, கடிகாரமும் ஸ்டூலும் சண்டை போடவில்லை. சோதனையின்போது நாடியைக் கடிகாரத்தில் பார்க்காதீர்கள் என்று மட்டும் சொல்வேன். மணிக்கட்டின் ஒளி உணரி, நாடி வேகமாக மாறும்போது சில வினாடி பின்தங்கிக் காட்டும். இந்தச் சோதனை நம்பியிருப்பதே அந்தச் சில வினாடிகளைத்தான். நாடியை அளக்கும் நெஞ்சுப்பட்டை வைத்திருந்தால் அது நல்லது.

'மோசம்' என்ற சொல் உங்களை வருத்தியிருக்கிறது என்று கேள்வியிலேயே தெரிகிறது. அதை இப்படிப் பாருங்கள். 30 சென்டிமீட்டரில் 72 தடவை ஏறினால் மொத்தம் ஏறக்குறைய 22 மீட்டர். ஒரு மாடிக்கு 2.8 மீட்டர் என்று வைத்தால் எட்டு மாடி. தரைத்தளத்திலிருந்து உங்கள் ஒன்பதாவது மாடிக்கு ஏற வேண்டியதும் அந்த எட்டு மாடிதான். மின்தூக்கி பழுதான அன்று மூன்று நிமிடத்தில் ஏறி வந்திருந்தால் அன்றைக்கே இந்தச் சோதனை நடந்துவிட்டது. வேகமாக, நிற்காமல், கையில் சாமானோடு ஏறியிருந்தால் இதைவிடக் கடினமான சோதனை. மூச்சு வாங்கியது இயல்பு. ஏறி முடித்து எவ்வளவு நேரத்தில் சாதாரணமாகப் பேச முடிந்தது என்பதைத்தான் நான் கேட்பேன். இரண்டு மூன்று நிமிடத்தில் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. நெஞ்சில் பாரம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, தலைசுற்றல், கண் இருட்டல், இவற்றில் ஏதாவது இருந்ததா? இருந்தால் பயிற்சிப் பேச்சே வேண்டாம், முதலில் மருத்துவரிடம் போங்கள். சோதனையின்போது வந்தால் உடனே நிறுத்திவிட்டு உட்காருங்கள். உட்கார்ந்தும் குறையாத நெஞ்சுவலி என்றால் 995-இல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், வாடகை வண்டி தேடாதீர்கள்.

நம் சமூகத்துக்கு ஒரு கூடுதல் காரணமும் இருக்கிறது. சிங்கப்பூரில் நீரிழிவு இந்தியர்களிடையே அதிகம். இதய நோயும் நமக்குச் சற்று இளவயதிலேயே வருகிறது. 46 வயதில் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பார்த்து நாளாகிவிட்டது என்றால், அடுத்த சோதனைக்கு முன் அதை முடித்துவிடுங்கள். அரசாங்கத்தின் ஹெல்தியர் எஸ்ஜி சுகாதாரத் திட்டத்தில் சேர்ந்திருந்தால் உங்கள் குடும்ப மருத்துவரிடமே கேட்கலாம், பலதுறை மருந்தகத்திலும் செய்வார்கள். படிச் சோதனை இதயக் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று சொல்லாது. நல்ல எண் வந்தவருக்கும் அடைப்பு இருக்கலாம். இதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்றால், வேலையை ஆரம்பிக்கலாம். வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான பயிற்சி என்பது உங்களுக்கும் தெரிந்ததே. ஈசூன் குளத்தைச் சுற்றி வேகநடை, பேச முடியும் ஆனால் பாட முடியாது என்கிற வேகத்தில். அதோடு வாரத்தில் இரண்டு மூன்று நாள் மாடிப்படி. நான்கு மாடி ஏறுங்கள், மின்தூக்கியில் இறங்குங்கள், மூச்சு அடங்கட்டும், மறுபடி ஏறுங்கள். இறங்குவதை மின்தூக்கிக்கு விடச் சொல்வது முட்டிக்காக. சில வாரம் போனபின் ஐந்தாக, ஆறாக ஆக்கலாம். படியேறுவதை அற்பமாக நினைக்காதீர்கள். லண்டன் பேருந்துகளை ஆராய்ந்து ஜெர்ரி மாரிஸ் 1953-இல் வெளியிட்டதை எங்கள் துறையில் எல்லாரும் படித்திருப்போம். இரட்டை மாடிப் பேருந்தில் நாள் முழுக்க மேலும் கீழும் ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு, உட்கார்ந்தே ஓட்டிய ஓட்டுநர்களைவிட இதய நோய் குறைவாக இருந்தது. உடற்பயிற்சிக்கும் இதயத்துக்கும் உள்ள உறவை முறையாகக் காட்டிய ஆரம்பகால ஆய்வுகளில் அதுவும் ஒன்று.

எட்டு வாரம் கழித்து அதே பலகை, அதே அறை, அதே காலை நேரத்தில் சோதித்துப் பாருங்கள். வாரா வாரம் செய்ய வேண்டாம், எண் ஆடும், மனதும் கூடவே ஆடும். மனைவியும் அவருக்கான படியில் அதே நாளில் செய்யட்டும். அவருடைய தாளை அவர் தனியாக வைத்துக்கொள்ளட்டும், உங்கள் தாளோடு சேர்க்க வேண்டாம்.

அப்பாவுக்கு ஆறு நிமிட நடைச் சோதனை பொருந்தும். நேரான, சமதளமான இடத்தில் ஆறு நிமிடத்தில் தன் வேகத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று அளப்பது. மருத்துவமனைகளில் 30 மீட்டர் தாழ்வாரத்தில் வைப்பார்கள். இதில் நாடியைப் பெரிதாகப் பார்ப்பதில்லை, தூரத்தைத்தான் பார்ப்பார்கள், ஆகவே பைசோப்ரோலால் எண்ணைக் குழப்பாது. நடுவில் நின்று இளைப்பாறவும் அனுமதி உண்டு. ஆனால் மருத்துவரைக் கேட்ட பிறகே செய்ய வேண்டும். அடுத்த முறை மாத்திரை வாங்கப் போகும்போது கூடவே போய், அவர் ஸ்டூலில் ஏறியதையும் நடுவில் தளர்ந்ததையும் அப்படியே மருத்துவரிடம் சொல்லுங்கள். மாடிப்படியில் எத்தனையாவது மாடியில் நிற்கிறார், முன்பு எத்தனையாவதில் நிற்பார் என்பதையும் சேர்த்துச் சொன்னால், அந்த 98-ஐவிட அது அவருக்கு அதிகம் உதவும்.